உலப்பனை பங்களாவும் மூன்றாவது வகுப்பும்: ரோஹண விஜேவீரவின் தடத்தில் மலைநாடு

கம்பளையில் பஸ் ஏறி நாவலப்பிட்டிப் பக்கம் போனால் ஏறக்குறைய பாதி வழியில் உலப்பனை வரும். சின்ன ரயில் நிலையம், கடைத்தெரு, பக்கத்தில் மகாவலி, மேட்டில் தோட்டங்கள். எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் போகிற கூட்டம் இங்கே இறங்குவதில்லை. 1989 நவம்பர் 12ஆம் திகதி இங்குள்ள செயின்ட் மேரிஸ் தோட்டத்து பங்களாவுக்குள் இராணுவம் புகுந்து, நிமல் கீர்த்திசிறி அத்தநாயக்க என்ற பெயரில் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்த ஒரு தோட்டத் துரையை (தோட்ட நிர்வாகியை) பிடித்துப் போனது. சுவரொட்டிகளில் நாடே பார்த்துப் பழகிய தாடியும் தொப்பியும் இல்லாமல், மழித்த முகத்தோடு இருந்த அந்த மனிதர்தான், 1971இலும் எண்பதுகளின் கடைசியிலும் அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதக் கிளர்ச்சி நடத்திய மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) தலைவர் ரோஹண விஜேவீர. மறுநாள் அவர் உயிரோடு இல்லை.

அவருடைய அரசியல் வாழ்க்கையோடு ஒட்டிய இடங்களில் கணிசமானவை மலைநாட்டுக்குள்ளோ அதன் அடிவாரத்திலோதான் இருக்கின்றன. கண்டியில் தங்கினால் மூன்று பகலில் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: எந்த இடத்திலும் அரும்பொருளகத்தையோ அறிவிப்புப் பலகையையோ எதிர்பார்க்காதீர்கள். கதை தெரியாமல் போனால் ஒரு பொலிஸ் நிலையத்தையும் ஒரு குளத்தையும் ஒரு ஆஸ்பத்திரியையும் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் இருக்கும். அதனால் கதை முதலில், வழி பிறகு.

கொட்டேகொடையிலிருந்து ஐந்து வகுப்புகள் வரை

விஜேவீர மலைநாட்டுக்காரர் அல்ல. 1943 ஜூலை 14இல் மாத்தறை மாவட்டத்துக் கடலோர ஊரான கொட்டேகொடையில் பிறந்தவர். தகப்பனார் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்; 1947 தேர்தல் நேரத்தில் எதிர்த்தரப்பு அடித்த அடியில் முடமாகிப் போனார். மகன் 1960இல் மருத்துவம் படிக்க மொஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் போய், 1964இல் நோயாளியாகத் திரும்பினார். சீனப் பக்கம் சாய்ந்திருந்ததால் மொஸ்கோ மறுபடி விசா கொடுக்கவில்லை. அடுத்து அவர் போய்ச் சேர்ந்த சீன சார்புக் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தலைவர் ஒரு தமிழர், என். சண்முகதாசன். தோட்டங்களில் செங்கொடிச் சங்கம் வைத்து வேலை செய்த கட்சி அது. அங்கும் ஒத்துவராமல், 1965 மே 14ஆம் திகதி காலிக்குப் பக்கத்து அக்மீமனையில் சிலரைக் கூட்டி விஜேவீர தொடங்கியதுதான் ஜே.வி.பி.

ஆள் சேர்க்க அவர் கண்டுபிடித்த முறை ஐந்து வகுப்புகள். முதலாவது பொருளாதார நெருக்கடி, இரண்டாவது சுதந்திரம், மூன்றாவது இந்திய விஸ்தரிப்புவாதம், நான்காவது இலங்கையின் இடதுசாரி இயக்கம், ஐந்தாவது புரட்சிப் பாதை. சிங்களக் கிராமத்து இளைஞர்கள், படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் கேட்டார்கள். மலையகத் தமிழர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது மூன்றாவது வகுப்பை. இந்தியா இலங்கையை விழுங்கப் பார்க்கிறது, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள் அதற்குக் கருவி என்பதுதான் அதன் சாரம்.

அந்த வகுப்பு நடந்த காலத்தில் தோட்டத்து நிலைமை என்ன? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கி இருபது வருடம் ஆகப்போகிறது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலைக்கணக்குப் போட்டாயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில்), வாக்குரிமைகூட இல்லாமல் இருந்த சனத்தைப் போய் ஒரு அந்நிய வல்லரசின் முன்னணிப் படையாகக் கண்ட மார்க்சியம் அது. ஏழைகளுக்காகப் புரட்சி செய்யக் கிளம்பியவர் தீவின் ஆகக் கடைசி ஏழையைத் தன் கணக்கிலிருந்து வெட்டிவிட்டார். பிற்காலத்தில் கட்சி இந்த வகுப்பைக் கைவிட்டது, எண்பதுகளில் வேறு உருவத்தில் திரும்ப எடுத்தது. எப்படிச் சுற்றி வந்தாலும் உலப்பனையில் நிற்கும்போது நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

முதல் பகல்: கண்டி வீதியும் பேராதனையும்

கொழும்பிலிருந்து ஏ1 வீதியால் வருகிறவர்கள் வரக்காப்பொலையைத் தாண்டிக் கேகாலைக்கு முன்னால் நெலுந்தெனியவைக் கடப்பார்கள். 1971 மார்ச்சில் இங்கே ஒரு குடிசையில் கைக்குண்டு செய்துகொண்டிருந்த இளைஞர்கள் வெடித்துச் செத்தார்கள். கட்சி ஆயுதம் சேர்க்கிறது என்பது அரசாங்கத்துக்கு வெட்ட வெளிச்சமானது இப்படித்தான். மார்ச் 16இல் அவசரகால நிலை வந்தது. விஜேவீர அதற்குள்ளேயே பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறைக்குப் போய்விட்டார். நெலுந்தெனியவில் இறங்க வேண்டாம், பஸ் யன்னலால் பார்த்தால் போதும். கேகாலை மாவட்டம் மட்டும் கொஞ்சம் கவனத்துக்குரியது. ஏப்ரல் கிளர்ச்சியில் அரசாங்கம் சில நாட்களுக்குப் பிடி இழந்திருந்த பகுதிகளில் இதுவும் ஒன்று.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கண்டியிலிருந்து கலஹா பஸ்ஸில் ஏறுங்கள். கலஹா வீதி வளாகத்தின் நடுவாலேயே போகிறது. கோச்சியில் (ரயிலில்) வருவதானால் சரசவி உயன நிறுத்தத்தில் இறங்கி நடக்கலாம். 1971இல் இங்கே விடுதிகளில் வெடிபொருள் பிடிபட்டது. ஆனால் வளாகம் பார்த்த உண்மையான கொடூரம் 1989இல். பல்கலைக்கழகத்தின் உதவிப் பதிவாளர் ஒருவரை ஜே.வி.பி. சுட்டுக் கொன்றது, அதற்குப் பழிவாங்கலாக அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட மனிதத் தலைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. இன்று மாணவர்கள் உட்கார்ந்து கதைக்கிற, மரநிழல் விழுகிற அழகான இடம். படம் எடுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பரீட்சைக் காலத்தில் விடுதிப் பக்கம் போவதைத் தவிருங்கள். ஆர்ப்பாட்டம் ஏதும் நடந்தால் கலஹா வீதி மூடப்பட்டு பஸ் சுற்றிப் போகும், திரும்பி வர இரண்டு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டிக்குள் தலதா மாளிகை. 1998 ஜனவரிக் குண்டுவெடிப்பு எல்லோருக்கும் தெரியும். 1989 பெப்ரவரியில் ஜே.வி.பி. ஆட்கள் இதே மாளிகைக்குள் புகுந்து சண்டையிட்டது அநேகருக்குத் தெரியாது. நகரத்துக்கு வெளியே பல்லேகலை என்றால் இப்போது கிரிக்கெட் மைதானம்தான் ஞாபகம் வரும். 1987 ஏப்ரலில் அங்கிருந்த இராணுவ முகாமைத் தாக்கி ஆயுதம் அள்ளியதோடுதான் இரண்டாவது கிளர்ச்சிக்கான தயாரிப்பு வெளியே தெரிந்தது. முகாம் பக்கம் கமராவைத் தூக்காதீர்கள்.

தீர்ப்பு ஒன்று, வழக்கு இல்லாத கொலைகள் ஆயிரம்

எழுபத்தொன்றைத் தோட்டத்துப் பெரியவர்கள் 'சேகுவேரா காலம்' என்பார்கள். கலகத்தின்போது தலைவர் சிறையில், வெளியே நடத்தியவர்கள் மற்றவர்கள். ஏப்ரல் 5 இரவு நாடு முழுக்க ஒரே நேரத்தில் பொலிஸ் நிலையங்களைத் தாக்குவது திட்டம். வெல்லவாய குழு அன்றைய இரவுக்குப் பதிலாக அன்று விடியற்காலையே அடித்துவிட்டது. பகல் முழுவதும் அரசாங்கத்துக்குக் கிடைத்தது. மற்ற நிலையங்கள் உசாராகின, எதிர்பாராத அடி என்ற ஒரே பலமும் போயிற்று. கையில் இருந்தது வேட்டைத் துவக்கும் வீட்டில் செய்த குண்டும். யாழ்ப்பாணத்துக்குப் போய் விஜேவீரவை மீட்கும் முயற்சியும் தோற்றது. இந்தியா அனுப்பிய ஹெலிகொப்டர்கள் அரசாங்கத்துக்குத் துணைக்கு வந்தன. அரசாங்கம் சொன்ன சாவுக் கணக்கு 1,200. மற்ற மதிப்பீடுகள் அதைப்போல் பல மடங்கு.

1972ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் குற்றவியல் நீதி ஆணைக்குழு அமைந்தது. சாதாரண நீதிமன்றத்தில் செல்லாத, பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலத்தைக்கூட அது சாட்சியமாக எடுத்தது. 1974 டிசம்பரில் விஜேவீரவுக்கு ஆயுள் தண்டனை. பிறகு 20 வருடமாகக் குறைந்தது. குற்றம் அரசைக் கவிழ்க்கச் சதி. 1977 நவம்பர் 2இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் வெளியே விட்டது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் 2,73,428 வாக்கு எடுத்து மூன்றாவதாக வந்தார். 1983 ஜூலை தமிழர் படுகொலைக்குப் பழியைத் தூக்கி அரசாங்கம் ஜே.வி.பி. மேலும் வேறு இரண்டு இடதுசாரிக் கட்சிகள் மேலும் போட்டுத் தடை செய்தது. விஜேவீர தலைமறைவானார். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் எதையும் அரசாங்கம் காட்டவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

இந்தியப் படையை இலங்கைக்குக் கொண்டுவந்த 1987 ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தம் அவருக்கு வேண்டிய நெருப்பைக் கொடுத்தது. பழைய மூன்றாவது வகுப்பு இப்போது 'தேசபக்தி' ஆயிற்று. கட்சியின் ஆயுதப் பிரிவு துண்டுச்சீட்டால் ஊரடங்கு போட்டது. சீட்டு வந்தால் கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது. பம்பாய் வெங்காயமும் மைசூர் பருப்பும் இந்தியச் சாமான், விற்காதே என்றது. அவர்கள் கொன்றவரின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கக் கூடாது, முழங்காலுக்குக் கீழே பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சாவு வீட்டுக்குக்கூடச் சட்டம் போட்டார்கள். மாணவர் தலைவர் தயா பத்திரண, நடிகரும் அரசியல்வாதியுமான விஜய குமாரதுங்க என்று தங்களைப் போலவே இடதுசாரிகளாக இருந்தவர்களைக் கொன்றார்கள். அப்போதைய அரசாங்கத்தின் பட்டியலில் 4,945 பொதுமக்கள், 487 அரச ஊழியர், 342 பொலிஸார், 52 பாடசாலை அதிபர், 27 தொழிற்சங்கக்காரர் வருகிறார்கள். அதே பட்டியலில் ஒரு வரி: தோட்டத் துரைமார் 18 பேர். கட்சித் தலைவர் ஒளிந்திருந்தது துரை வேடத்தில்.

அரசாங்கம் திருப்பிச் செய்தது அளவில் இதைவிடப் பெரிது. வீதியோரம் டயரில் எரிந்த உடல்கள், இரவில் வாகனத்தில் ஏற்றப்பட்டு வராமலே போன பிள்ளைகள். 1994இல் நியமிக்கப்பட்ட மூன்று வலய ஆணைக்குழுக்களுக்கு, வடகிழக்கையும் சேர்த்து, வந்த முறைப்பாடு 27,526. காணாமல் போனது உறுதி என்று அவை ஏற்றது 16,742. செத்தவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

எத்தியோப்பியாவின் முன்னாள் சர்வாதிகாரி மெங்கிஸ்து சிம்பாப்வேயில் ஒளிந்திருந்தும், 2006இல் இனப்படுகொலைக் குற்றவாளி என்று அவருடைய நாட்டு நீதிமன்றம் பெயர் சொல்லித் தீர்ப்பு எழுதியது. இங்கே தோற்ற கலகத்துக்குத் தண்டனை கிடைத்தது. அதைவிடக் கொடியதாக நடந்த கொலைகளுக்கு இரு தரப்பிலும் தலைவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை. விஜேவீரவை விசாரிக்காமல் கொன்றதில் அரசாங்கத்துக்கு இலாபம் இருந்தது: அவர் கூண்டில் ஏறியிருந்தால் அரசாங்கத்தின் கணக்கும் கூடவே ஏறியிருக்கும்.

இரண்டாம் பகல்: உலப்பனை

கண்டியிலிருந்து நாவலப்பிட்டி பஸ் அடிக்கடி உண்டு; தூரம் மொத்தம் நாற்பது கிலோமீற்றருக்குள். நேரே உலப்பனைக்கு டிக்கட் எடுங்கள். ரயில் விரும்பினால் ஒரு விஷயம்: உடரட்ட மெனிகே, பொடி மெனிகே போன்ற கடுகதிகள் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் நிற்கும், உலப்பனையில் நிற்பது மெதுவான கோச்சிகள்தான். கடுகதியில் ஏறி நாவலப்பிட்டி வரை போய்விட்டுத் திரும்பி வருவதுதான் பலருக்கும் நடப்பது. கம்பளையில் இறங்கி பஸ் பிடிப்பதே நல்லது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக ரயில் பாதையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. அதற்குப் பிறகு பழைய நேர அட்டவணையை நம்பிப் புறப்படாதீர்கள், நிலையத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

நாவலப்பிட்டிச் சாரல் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நேரே முகம் கொடுப்பது. மே முதல் செப்டம்பர் வரை நாள் முழுக்க மழை பிடிக்கும், தோட்டப் பாதையில் அட்டை ஏறும், மண் சரியும். நினைவு நாளான நவம்பரில் போனால் பகல் இரண்டு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். காலை ஏழு மணிக்கே கண்டியை விட்டு, பன்னிரண்டுக்குள் முடித்துவிடுவது புத்தி. அட்டைக்குக் காலுறையின் மேல் சவர்க்காரம் பூசினால் போதும்.

கடைத்தெருவில் ஓட்டோக்காரரிடம் 'செயின்ட் மேரிஸ்' என்று தோட்டப் பெயரைச் சொல்லுங்கள். விஜேவீர பெயரை எடுத்த எடுப்பில் போடாதீர்கள். இந்தப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்களில் ஜே.வி.பி. கொன்ற வீடும் உண்டு, இராணுவம் கொண்டுபோன வீடும் உண்டு. முன்னால் நிற்பவர் எந்த வீட்டுக்காரர் என்று உங்களுக்குத் தெரியாது. போக வர, காத்திருக்க என்று கட்டணத்தை ஏறும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். பங்களா காட்சிக்கூடம் அல்ல. அனுமதி கேட்காமல் கேற்றைத் தாண்டக் கூடாது, குடியிருப்பவர்களைப் படம் எடுக்கக் கூடாது. அனுமதி கிடைக்காவிட்டால் பாதையில் நின்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

புரிய வேண்டியது ஒரு தோட்டத்தின் அமைப்பு. பங்களா எப்போதும் மேட்டில், லயம் பள்ளத்தில். பங்களாவுக்கென்று தனிப் பாதை, கேற், காவலாள். துரையின் ஜீப் எந்நேரம் வந்தாலும் போனாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. வெளியூர்க்காரர் வந்து தங்கினால் உறவினர், வியாபாரி, கணக்குப் பார்க்க வந்தவர். பிரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) துரையின் முகத்தை நேரே பார்க்கவே தயங்கிய காலம் அது. அவருடைய பெயர் உண்மைதானா என்று யார் துருவப் போகிறார்கள்? மறைவதற்கு இதைவிட வசதியான இடம் தென்பகுதிக் கிராமத்தில் கிடைக்காது, அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வெள்ளைக்காரன் கட்டி வைத்த அந்தப் பயமும் தூரமும்தான் புரட்சித் தலைவருக்குக் காவலாக நின்றன. கீழே லயத்தில் இருந்தவர்கள் அவருடைய மூன்றாவது வகுப்பில் எதிரியின் கருவிகள்.

ஒளிவிடம் தோற்றதும் அக்கம்பக்கத்தாரால் அல்ல. 1989இல் 'ஒப்பரேஷன் கம்பைன்' என்று ஒரே தலைமையின் கீழ் படைகளைச் சேர்த்து வேட்டை நடந்தது. பிடிபட்ட மற்றத் தலைவர்களிடமிருந்து கிடைத்த தகவல்தான் படையை உலப்பனைக்குக் கொண்டுவந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய், ஆயுதத்தைக் கைவிடும்படி அவர் சொல்வதை வீடியோவில் பதிவு செய்தார்கள். நவம்பர் 13இல் மரணச் செய்தி. கட்சியின் இடமொன்றைக் காட்டப் போனபோது கூட இருந்த எச்.பி. ஹேரத் என்ற தலைவர் அவரைச் சுட்டார், இராணுவம் திருப்பிச் சுட்டது என்பது அரசாங்கம் சொன்ன கதை. அதை நம்பியவர் குறைவு. உடல் அன்றைக்கே பொரளை கனத்தை மயானத்தில் எரிக்கப்பட்டது. செய்தியை அறிவித்த பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ரஞ்சன் விஜேரத்ன தொழிலால் அசல் தோட்டத் துரை.

லயத்தில் பெரியவர்களிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், 'ஐயா, எண்பத்தொன்பதில் கடை மூடிக் கிடந்தபோது சாப்பாட்டுக்கு என்ன செய்தீங்க?' என்று அரிசியிலிருந்து தொடங்குங்கள். அரசியலில் தொடங்கினால் 'எங்களுக்கு என்னாங்க தெரியும்' என்று முடித்துவிடுவார்கள். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் யாரையும் நிறுத்தி வைக்காதீர்கள், அவர்களுக்குச் சம்பளம் குறையும். பின்னேரம் வேலை விட்டு வந்த பிறகு, தேத்தண்ணி நேரத்தில் போங்கள்.

அதே பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் 2024 நவம்பரில் யாருக்கு வாக்குப் போட்டார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். ஜே.வி.பி. தலைவர் அநுர குமார திசாநாயக்க அந்த வருடம் செப்டம்பரில் ஜனாதிபதியானார். அவருடைய கூட்டணி 159 ஆசனம் எடுத்தது, நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து மலையகத் தமிழ்ப் பெண்கள் அதன் பட்டியலில் பாராளுமன்றம் போனார்கள். கட்சி இன்றும் வருடாவருடம் நவம்பர் 13இல் விஜேவீரவுக்கு வீரவணக்கம் செலுத்துகிறது. மூன்றாவது வகுப்புக்காகத் தோட்டத்துச் சனத்திடம் மேடையேறி மன்னிப்புக் கேட்க வேண்டிய கடன் அதற்கு உண்டு என்பது எங்கள் கருத்து.

மூன்றாம் பகல்: மாத்தளை, அல்லது வெல்லவாய

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும். கண்டியிலிருந்து மாத்தளை 26 கிலோமீற்றர், ஏ9 வீதியில் பஸ் நிறைய. 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளாகத்தில் மண் தோண்டியபோது 150க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. 1986 முதல் 1990 வரையான காலம் என்றது ஒரு தொல்லியல் ஆய்வு; அமெரிக்க ஆய்வகத்தின் கார்பன் பரிசோதனை 1950களுக்கு முந்தியவை என்றது. காணாமல் போன பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மார் ஏற்றுக்கொள்ளக்கூடிய பதில் இன்னும் இல்லை. ஆஸ்பத்திரி வேலை நடக்கிற இடம், உள்ளே போய்ச் சுற்ற வேண்டாம்.

எல்லவுக்கு எப்படியும் போகிறவர்கள் வெல்லவாயவைத் தெரிவு செய்யுங்கள். எல்லவிலிருந்து ராவணா நீர்வீழ்ச்சியைத் தாண்டி இறங்கும் ஏ23 வீதியில் ஏறக்குறைய 27 கிலோமீற்றர். வளைவு அதிகம், வாந்தி வரக்கூடியவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். 1971இல் முதலில் தாக்கப்பட்ட பொலிஸ் நிலையம் இன்றும் நகரத்துக்குள்தான். படம் எடுக்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். மதியத்துக்குள் முடித்தால் அங்கிருந்தே மொனராகலைக்கோ திஸ்ஸமகாராமைக்கோ பஸ் மாறலாம். கண்டிக்கே திரும்புவதானால் பண்டாரவளை வழியாக அரை நாள் ஒதுக்க வேண்டும்.